டீசல் தீர்ந்த நான்காம் பாகம்

நான் எழுதிய ஐஸ்பெட்டி வரிசையில் நான்காம் பாகம்தான் மட்டமானது. இதைச் சொல்ல விமர்சகர் யாரும் வர வேண்டியதில்லை. என் வீட்டிலேயே அந்தக் கருத்து நிலைத்துவிட்டது. முதல் மூன்று பாகங்களையும் என் மனைவி வரவேற்பறை அலமாரியில் அட்டை தெரிய நிறுத்தியிருக்கிறாள். நான்காம் பாகத்தை மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறாள். கேட்டால், அளவு சரியாக இருக்கிறது என்கிறாள். தினமும் காலையில் சட்னி அரைபடும்போது என் எழுத்து அதிர்வதைக் கேட்டுக்கொண்டுதான் பல் துலக்குகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விளாங்குடியில் குடியிருக்கிறேன். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது பிழைப்பு. ஒரு மனிதன் அடிபட்டுக் கிடந்த இடத்தில், ரத்தம் காய்வதற்குள் குனிந்து, பம்பருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற வேலை. இந்த வேலையைச் சில வருஷம் பார்த்தவனுக்கு, ஒன்று குடிப்பழக்கம் வரும், அல்லது நகைச்சுவை உணர்ச்சி வரும். எனக்கு வயிற்றுப்புண் இருந்ததால் இரண்டாவதுதான் வாய்த்தது.

அதிலிருந்து பிறந்தவன்தான் ஐஸ்பெட்டிக்காரன். மதுரையில் பிரேதம் வைக்கும் ஐஸ்பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவன். ஒவ்வொரு பாகத்திலும் அவன் ஒரு சாவு வீட்டுக்குப் பெட்டியை இறக்குவான். படுத்திருப்பவர் இயற்கையாகச் சாகவில்லை என்று தெரியவரும். போலீஸ் வந்து பெட்டியைச் சாட்சிப் பொருள் என்று சீல் வைத்துவிடும். அடுத்த தெருவில் அடுத்த சாவு காத்திருக்கும். நியாயம், தர்மம் எதுவும் அவனுக்குப் பொருட்டல்ல. பெட்டி திரும்ப வேண்டும். அதற்காகவே கொலைகாரனைக் கண்டுபிடிப்பான். அவனுடைய ஒரே பெருமை ஜெனரேட்டர். எந்த ஊரில் கரண்டு போனாலும் அவன் பெட்டி மட்டும் சில்லிட்டுக்கொண்டே இருக்கும். டீசல் ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவான்.

இவனுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றபோது, மண்வாசனை மிக்க எழுத்தாளன் ஆகிவிடும் ஆசையில் எங்கள் குலசாமியின் பெயரையே வைத்துவிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடி போன் வரும். எங்கள் பூர்வீகம் பேரையூர்ப் பக்கம். பங்காளி வகையறாவில் வீட்டுக்கு ஒரு ஆணுக்காவது அந்தப் பெயர் இருக்கும். கோயிலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அந்தப் பெயர் வைத்த பிள்ளையைத் திட்டவே முடியாது, திட்டு சாமிக்குப் போய்விடும் என்பதால், அவனுக்குத் திட்டுவதற்கென்று வீட்டில் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், விளக்குமாற்றடிக்கு ஒரு பெயர். கொலைக்கதை எழுதப்போகிறவன் இரண்டாவது பெயரை அல்லவா எடுத்திருக்க வேண்டும்? எனக்கு அது தோன்றவில்லை.

அப்படிப் பெயர் தாங்கியவர்களில் ஒருவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குடம், வாளி, கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. முதல் பாகம் வந்தபோது அவர் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சரக்கு எடுக்க வரும் வியாபாரிகளிடம் புத்தகத்தைக் காட்டி, நம்ம மகன் நம்மள வச்சுத்தான் எழுதியிருக்கான் என்பார். அவர் வாழ்க்கையில் ஒரு பிணத்தையும் தொட்டுத் தூக்கியதில்லை, எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற ஆள். ஆனால் ஐஸ்பெட்டிக்காரன் ஒவ்வொரு கொலைகாரனைப் பிடிக்கும்போதும் இவர்தான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மூன்று பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்தவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். நான்கூட மூன்றாவதை மறுபடி படித்ததில்லை.

சித்திக்குப் படிப்பு கிடையாது. தவிர, புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும் கிடையாது. அதனால் கதாநாயகனின் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை. "அந்தப் பெட்டிக்காரவுக இந்தத் தடவ யாரப் பிடிச்சாகளாம்?" என்று என் கதாநாயகனை மரியாதையோடு விசாரித்த ஒரே மனுஷி என் சித்திதான்.

மாசி சிவராத்திரிக்கு நாங்கள் எல்லோரும் குலசாமி கோயிலில் கூடுவோம். நான்காம் பாகம் எழுதிக்கொண்டிருந்த வருஷமும் போனோம். பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டு, வேப்பமர நிழலில் பந்தி உட்கார்ந்திருந்தோம். ஒரு பங்காளி, அடுத்த கதை என்னாச்சு என்று கேட்டார். எழுத்தாளனிடம் இந்தக் கேள்வியை வாயில் கறியோடு இருக்கும்போது கேட்கக் கூடாது. நான் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே, இந்தப் பாகத்தோடு ஆளை முடித்துவிடப் போகிறேன் என்றேன். முடித்துவிடப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பெயரையும் சேர்த்துச் சொன்னேன். சாமிக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, சாமியின் பெயரைச் சொல்லி, கொல்லப் போகிறேன் என்றேன். பந்தியில் ஒரு நிமிஷம் யாரும் மெல்லவில்லை. சித்தப்பா மட்டும் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, எப்படிக் கொல்லப் போகிறாய் என்று ஆவலாகக் கேட்டார். புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

அந்த முடிவைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். வாழ்நாளில் ஒரு எழுத்தாளனுக்கு ஒரு முடிவுதான் அப்படி அமையும் என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன் என்பதுதான் சிக்கல்.

அடுத்த மாதமே சித்தப்பாவுக்குக் கடையில் நெஞ்சு வலி வந்தது. தார்ப்பாய்க் கட்டின்மேல் சாய்ந்தவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும், சர்க்கரை வேறு அதிகம், சொல்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். செய்தி பேரையூர் போய்ச் சேர்ந்த சுருக்கில் எனக்குப் போன் வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஊரில் விவசாயம் பார்ப்பவர். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. நீ கோயிலில் வைத்துச் சொன்னாயே, அதை எழுதிவிட்டாயா என்று கேட்டார். எழுதி முடித்து அச்சுக்குப் போகப் போகிறது என்றேன்.  அண்ணன், திட்டுகிற பெயரையாவது வைத்திருக்கலாமே என்றார்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவரிடம் விளக்கினேன். ஒரு காகிதத்தில் இருக்கும் ஆளுக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று நன்றாகவே பேசினேன். பேசி முடித்துவிட்டுப் பதிப்பாளருக்குப் போன் போட்டு, புரூப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், எழுத்துப்பிழை இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. பகுத்தறிவாளனுக்கும் எழுத்துப்பிழை வரத்தானே செய்யும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சித்தி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வயர்கூடை, அதில் பிளாஸ்க், சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி. நான் உட்கார்ந்ததும் சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். என் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"நான் படிச்சவ இல்லய்யா. இது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. அவுக உள்ள கெடக்கைல நீ அங்கன ஒருத்தரக் கொல்ல வேணாம்."

என்னிடம் நல்ல நல்ல வாதங்கள் இருந்தன. அண்ணனிடம் போட்டுப் பார்த்துப் பழக்கமும் ஆகியிருந்தது. இருந்தும், சரி சித்தி என்றேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. சித்தப்பாவுக்காக வந்ததா, என் கடைசி அத்தியாயத்துக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்தே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சித்தப்பா ஐ.சி.யு.வில் இருந்த நாட்களில், அதே வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான்காம் பாகத்தைச் சரிசெய்தேன். நான் சரிசெய்ததைப் போல் ஒரு கதையை அதன் எதிரிகூடச் செய்திருக்க முடியாது. ஆளின் பெயரை மாற்றலாம் என்றால், பதிப்பாளர் மூன்று பாகம் விற்ற பெயரை விடமாட்டேன் என்றார். ஆக, பெயர் இருக்கும், சாவு இருக்காது. அதோடு நின்றால்கூடச் சமாளித்திருப்பேன். எனக்கே புதிதாகப் பயங்கள் முளைத்தன. கதாநாயகனை வில்லன் நெஞ்சில் குத்துகிற இடம் ஒன்று இருந்தது. அதை முழங்காலுக்கு மாற்றினேன். ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று இருந்தது. அதை ஜவுளிக்கடைக்கு மாற்றினேன். மயங்கி விழுந்தான் என்பதை அசந்து உட்கார்ந்தான் என்று ஆக்கினேன். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து யாரையாவது கூப்பிடும்போதெல்லாம் இன்னும் ஒரு காயத்தைக் குணப்படுத்தினேன். கடைசியில் என் கொலைக்கதையில் ஒருவனுக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை.

கடைசி அத்தியாயம்தான் உச்சம். கதாநாயகனை வில்லன் அவனுடைய ஐஸ்பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிடுகிறான். இது பழைய பிரதியிலும் இருந்தது. பழைய பிரதியில் அதற்குப் பிறகு வேறு நடந்தது. புதிய பிரதியில் கரண்டு போகிறது, ஜெனரேட்டர் ஓடவில்லை, ஏனென்றால் டீசல் தீர்ந்துவிட்டது. பெட்டி சில்லிடுவது நின்று, கதாநாயகன் மூடியை உதைத்துக்கொண்டு வெளியே வந்து, வில்லனை மன்னித்து, ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகிறான். ஆமாம், கிரகப்பிரவேசம். பாயசம்கூட உண்டு.

பதிப்பாளர் படித்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணே, கதை முடிஞ்சிருச்சா, இல்ல பக்கம் முடிஞ்சிருச்சா?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, விளம்பரம் கொடுத்தாகிவிட்டது.

புத்தகம் வந்தது. வாசகர்கள் இணையத்தில் எழுதியதை முழுவதும் இங்கே எடுத்துப்போட எனக்கே மனசு வரவில்லை. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். மூன்று பாகமாக டீசல் ஊற்றாமல் சோறு தின்னாதவன் நான்காம் பாகத்தில் எப்படி மறந்தான் என்று அநேகமாக எல்லோருமே கேட்டிருந்தார்கள். புத்தகத் திருவிழாவில் ஒரு பெண் நான்காம் பாகத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றாள். மகிழ்ச்சியாகப் பேனாவைத் திறந்தேன். இதை நிஜமாகவே நீங்கள்தான் எழுதினீர்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். நான்தான் என்று நிரூபிப்பதற்காகக் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.

சித்தப்பா பிழைத்துவிட்டார். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, நடக்க ஆரம்பித்து, கல்லாவிலும் உட்கார்ந்துவிட்டார். ஆனால் படபடப்பு ஆகாது, பரபரப்பான எதையும் பார்க்கவோ படிக்கவோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிரிக்கெட்டை நிறுத்தினார்கள். தேர்தல் செய்தியை நிறுத்தினார்கள். என் நான்காம் பாகத்தைக் கொடுக்கலாமா என்று சித்தப்பா மகள் என்னிடம் கேட்டாள். தாராளமாகக் கொடு, அதில் ஒன்றும் நடக்காது என்றேன். இருதய நோயாளிகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரே திரில்லர் அது. அட்டையிலேயே போட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வரச் சொன்னார். கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே அடுக்கி வைத்த வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். சட்டையின் மேல் பட்டனுக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது. மடியில் நான்காம் பாகம். சித்தி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, வாய்யா என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

"நாலுலயும் இதான் மட்டம்" என்றார் சித்தப்பா.

நான் தலையை ஆட்டினேன். இப்போதெல்லாம் தலை தானாகவே ஆடிப் பழகிவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. ஜவுளிக்கடைக் காட்சி எதற்கு என்றார். முழங்காலில் குத்தினால் எவனாவது சாவானா, குத்துகிறவனுக்கு அறிவு வேண்டாமா என்றார். குரலில் உண்மையான கோபம் இருந்தது. ஒருவேளை படபடப்பு ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"அவன் டீசல் ஊத்த மறப்பானாடா? என்னைய மாதிரி ஆளுடா அவன். நான் மறப்பேனா?"

சமையலறை வாசலில் சித்தி டம்ளரோடு நின்றார். என்னையே பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது மிகவும் குறைவு. அன்றைக்கு இருந்தேன். அவ்வளவு பெரிய முடிவை எழுதி வைத்திருக்கிறவன், அதை உயிராகக் கேட்கிற வாசகனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மறந்துட்டான் சித்தப்பா, வயசாகுதுல்ல என்றேன்.

சித்தி டீயை என் கையில் கொடுத்தார். பிறகு, யாருமே கேட்காதபோது, "எனக்கு இந்தக் கததான் புடிச்சிருந்துச்சு" என்றார்.

சித்தப்பா திரும்பினார். உனக்கு யார் படித்துக் காட்டியது என்று கேட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் மகள் வாசித்துக் காட்டினாள் என்று சொல்லிவிட்டு, சித்தி உள்ளே போய்விட்டார். அடுப்பில் எதுவும் இல்லை, சும்மாவேதான் போனார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகச் சிம்மக்கல்லில் யாவாரம் பார்க்கிற மனுஷன்; எதிரே நிற்பவன் எதை மறைக்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"மொதல்ல எப்படி முடிச்சிருந்த?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

சித்திக்கு நான் கொடுத்த வாக்கு, எழுதக் கூடாது என்பதுதான். சொல்லக் கூடாது என்று அவர் வாய்திறந்து கேட்கவில்லை. இப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்சூரன்ஸ் ஆளால்தான் முடியும். சொல்ல ஆரம்பித்தேன். வில்லன் பெட்டிக்குள் போட்டு மூடுகிறான். கண்ணாடி மூடி வழியாக விட்டம் தெரிகிறது. குளிர் காலிலிருந்து ஏறுகிறது. கரண்டு போகிறது. பெட்டியின் உறுமல் நின்றுவிட்டது. தப்பித்தேன் என்று அவன் சிரிக்கிறான். அப்போது வெளியே ஒரு சத்தம். அவனே வாங்கி, அவனே துடைத்து, அவனே டீசல் ஊற்றி வைத்த ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பிக்கிறது. ஒரு திணறல்கூட இல்லாமல், அவ்வளவு சுத்தமாக ஓடுகிறது. பெட்டிக்குள் விளக்கு எரிகிறது. நம்ம மிஷினுடா என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி குளிர ஆரம்பிக்கிறது.

அதற்குமேல் ஒரு வார்த்தைதான் பாக்கி.  அண்ணனுக்குப் பகுத்தறிவு சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

"செத்துட்டான்" என்றார் சித்தப்பா. "அப்படித்தான?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தையல் வலிக்கும் என்று ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் என் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதான்டா முடிவு" என்றார். "அதான்டா எங்க ஆளு." என் எழுத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாராட்டுக் கிடைத்ததில்லை. 

பிறகு என் பக்கம் குனிந்தார். "உங்க சித்திட்டச் சொல்லிறாத" என்றார்.

அதற்குள் சித்தி வந்துவிட்டார். எதற்கு இம்புட்டுச் சிரிப்பு, நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினார்.

"ஒண்ணுமில்ல. டீசல் தீந்து போச்சுல்ல, அத நெனச்சுச் சிரிச்சோம்" என்றார்.

சித்தியும் சிரித்தார். கதையிலேயே அந்த இடம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம்.